முன்சில்லும் பின்சில்லும்

சுகிர்தன் தன் பழைய காரின் பின்பாதியை வெட்டி, மீன்பெட்டி ஏற்றத் தட்டு அடித்திருந்தான். கடற்கரை உப்பு நாலு சில்லின் பிரேக்கையும் தின்றுவிட்டது. அலைந்து திரிந்ததில் இரண்டு சில்லுக்குத்தான் சாமான் கிடைத்தது. எந்த இரண்டுக்குப் பூட்டுவது என்ற பேச்சு, நிலாவெளியில் பாக்கியரத்தினத்தின் தேநீர்க்கடை வாசலில் நடந்தது.

"பின்னுக்குத்தான். பாரம் முழுக்கப் பின்னுக்கு. சைக்கிள்ல முன்பிரேக்கைப் பிடிச்சு மூஞ்சி உடைஞ்ச ஆக்களைக் கேளுங்கோ," என்றான் சுகிர்தன்.

அவன் மனைவி நிரோஜினி வாசலில் நின்ற காரின் தட்டில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். திருகோணமலைச் சந்தையில் மீன் விற்பவள் அவள்தான்.

"வித்துப்போட்டு வரேக்க வெறும் பெட்டிதானே. அப்ப பின்னுக்குப் பாரம் எங்க?"

"வாங்கோ இஞ்சினியரம்மா! நாளைக்கு நான் மீன் வெட்டுறன், நீங்கள் காருக்குக் கீழ படுங்கோ," என்றான் அவன்.

"ஸ்பானரைக் குடுத்துப் பாரன்ரா," என்றார் பாக்கியரத்தினம். வாசல் முழுக்கச் சிரித்தது. அவள் பெட்டிகளின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பின்சில்லுக்கே பூட்டினான். போகும்போது, பாரத்தோடு, கார் மிதித்த இடத்தில் நின்றது. திரும்பும்போது தூறல். பாலத்தால் இறங்குகையில் ஆடொன்று குறுக்கே பாய, பிரேக்கை அழுத்தினான். வெறுந்தட்டின் கீழ் பின்சில்லுகள் உருளாமல் வழுக்கின. கார் அப்படியே சுழன்று, வந்த வழியைப் பார்த்து நின்றது. நிரோஜினியின் கதவுக்கும் பாலத்துக் கம்பிக்கும் நடுவில் ஒரு கை நுழையாது.

அவள் கம்பியைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தாள். வீடுவரை ஒரு வார்த்தை இல்லை. அவள் சொல்லிக்காட்டியிருந்தால் அவனும் சத்தம் போட்டிருப்பான். அந்த மௌனத்தில் ஒதுங்க இடமில்லை. எல்லார் முன்னாலும் அவளைக் கேலி செய்ததற்கு, எல்லார் முன்னாலும் அவள் சொன்னதுதான் சரி என்று சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

மறுநாள் அதே வாசலில் பிரேக்கை முன்சில்லுக்கு மாற்றத் தொடங்கினான்.

"என்னடா, முன்னுக்குப் போகுது? ஆர் சொன்னது?" என்றார் பாக்கியரத்தினம்.

நிரோஜினி பக்கத்தில்தான் நின்றாள்.

"ஆர் சொல்லுறது? ஓடிப் பாத்தனான். யோசிச்சனான்."

சொன்ன கணமே அவனுக்கு முகம் சுட்டது. அவள் நிமிர்ந்தாள்.

"ஓம் அண்ணை. இரவு முழுக்க நித்திரையில்லாமல் யோசிச்சவர்," என்றாள்.

"மூளைக்காரன்!" என்று யாரோ மெச்சினார்கள். அவள் அதற்கும் தலையாட்டினாள்.

சுகிர்தன் காருக்கு அடியில் இன்னும் உள்ளே நகர்ந்தான்.

"நேரமாகுது, வாங்கோ," என்று அவள் கூப்பிட்டாள். கடைசி நட்டும் இறுக்கியாயிற்று. ஆனாலும் வெளியே வர அவனால் இயலவில்லை.