அழுத்தின உடனே எடுக்குமா

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. ஒரு கேமரா கடையில் எனக்கு முன்னால் நின்ற கணவன் மனைவியிடமிருந்து எடுத்தது. அவர்களைக் கேட்டு எடுக்கவில்லை. கேட்பதற்கு அவர்கள் பேச்சை நிறுத்தியிருக்க வேண்டும், அது நடக்கவில்லை.

பெங்களூர் எம்.ஜி. ரோட்டில் மெட்ரோவுக்காகத் தோண்ட ஆரம்பித்திருந்த வருஷம். அந்தப் புழுதியில் அல்சூரிலிருந்து பஸ் பிடித்து, பிரிகேட் ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்துக்கு நான் போனது ஒரு சார்ஜரை மாற்றுவதற்காக. முந்தைய வாரம் வாங்கிய சின்ன கேமராவோடு வந்த சார்ஜர். விளக்கு மட்டும் பச்சையாக எரியும், சார்ஜ் ஏறாது. பில்லைக் காட்டினால் மாற்றித் தந்துவிடுவார்கள், இரண்டு நிமிஷ வேலை. ஆனால் கவுன்டரில் ஒரே ஆள். அவர் முன்னால் இந்த இருவர்.

கடையைவிட்டு வெளியே வரும்போது என்னிடம் கதை இருந்தது, சார்ஜர் இல்லை. [இதை அழகுக்காக எழுதவில்லை. ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள்.]

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: "ஒரு காம்பாக்ட் கேமராவுக்கும் டிஎஸ்எல்ஆருக்கும் உள்ள வித்தியாசம், ஒரு வகையில் நம் வாழ்க்கையில்—"

இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்கமாட்டேன்.

இரண்டாவது: "தங்கவயலில் சுரங்கம் மூடிய பிறகு பெங்களூருக்குக் குடிவந்து, ஆஸ்டின் டவுனில் வாடகைக்கு இருக்கும் குடும்பங்களில் ஒன்று—"

தகவல் சரிதான். அவர்கள் பேச்சிலேயே தங்கவயல் தெரிந்தது, ஆஸ்டின் டவுன் என்று அவர்களே சொன்னார்கள். ஆனால் கதையில் சுரங்கம் வந்துவிட்டால் அப்புறம் கேமராவை யார் பார்ப்பார்கள்? படிக்கிறவர்கள் எல்லாரும் முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு உள்ளே இறங்கிவிடுவார்கள். இது கேமரா வாங்கும் கதை. தயவுசெய்து மேலேயே இருங்கள்.

மூன்றாவது: "அழுத்தின உடனே எடுக்குமா?" என்று ரெமிஜியஸ் கேட்டான்.

இதை வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அவன் அதைத்தான் கேட்டான். திரும்பத் திரும்பக் கேட்டான். வேறு எதையாவது கேட்டிருந்தால் நான் சீக்கிரம் வீட்டுக்குப் போயிருப்பேன். ரெமிஜியஸ், டோரதி என்ற பெயர்கள் மட்டும் நான் வைத்தவை.

3

கவுன்டரில் இருந்தவர் கிருஷ்ணப்பா. கன்னடக்காரர், கன்டோன்மென்ட் பக்கத்தில் வியாபாரம் பார்த்துப் பார்த்துத் தமிழ் பழகியவர்.

"அழுத்தின உடனே எடுக்குமாண்ணா?" சின்ன கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு ரெமிஜியஸ் கேட்டான்.

"ஒன் செகண்ட் ஆகும் சார். ஃபோகஸ் பண்ணணும், ஃபிளாஷ் ரெடி ஆகணும். சின்ன கேமரா எல்லாமே அஷ்டே, அவ்ளோதான்."

"அந்த ஒரு செகண்டுல மூடிக்குவா."

"ஏனு சார்?"

"வாய மூடிக்குவா."

கிருஷ்ணப்பா டோரதியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவள் கைக்குட்டையை வாயருகே வைத்துக்கொண்டு வேறெங்கோ பார்த்தாள்.

விஷயம் இதுதான். டோரதி தங்கவயலை அடுத்த பங்காருபேட்டைப் பக்கம் போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்தவள். அந்தப் பக்கத்துத் தண்ணீர் பல பேருக்குப் பல்லில் பழுப்புக் கறையை விட்டுவிடும், எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. சிரிப்பு வந்தால் அவள் கை தானாக வாய்க்குப் போகும். கேமராவைப் பார்த்தால் உதடு ஒட்டிக்கொள்ளும். கல்யாண ஆல்பத்திலிருந்து நேற்றைய ஞானஸ்நான விருந்துவரை, அவள் வாய் திறந்திருக்கும் படம் ஒன்றுகூடக் கிடையாது. ரெமிஜியஸுக்கு அவள் சிரிக்கிற படம் ஒன்று வேண்டும்.

கிருஷ்ணப்பா அலமாரியிலிருந்து ஒரு டிஎஸ்எல்ஆரை எடுத்து வைத்தார். ஆரம்ப மாடல்தான், ஆனாலும் சின்னதற்குப் பக்கத்தில் குண்டாக உட்கார்ந்திருந்தது.

"இது டக்குனு எடுக்கும் சார். அழுத்தினா ஆய்த்து."

"இவ்ளோ பெருசு வெச்சிகினு போனா தூரத்துலயே பாத்துடுவாளே. பாத்தா மூடிக்குவா."

"அப்போ சின்னது."

"அது லேட்டா எடுக்குதே."

சின்ன கேமரா அவள் கண்ணில் படாது, ஆனால் மெதுவாக எடுக்கும். பெரியது உடனே எடுக்கும், ஆனால் முதலிலேயே கண்ணில் படும். இந்த வட்டத்தை அவன் சுற்றினான், கிருஷ்ணப்பாவைச் சுற்றவைத்தான், பின்னால் நின்ற என்னையும் சுற்றவைத்தான். உலகத்தில் மனிதர்கள் ஜூம் எவ்வளவு, மெகாபிக்ஸல் எவ்வளவு என்று கேட்டுக் கேமரா வாங்குகிறார்கள். பெண்டாட்டியின் உதட்டு வேகத்தை வைத்துக் கேமரா வாங்க வந்தவனை அன்றுதான் பார்த்தேன்.

(செல்போனில் எடுத்திருக்கலாமே என்று சிலர் கேட்பீர்கள். அந்த வருஷத்துச் செல்போன் படத்தில் பல் கிடக்கட்டும், ஆள் யார் என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு.)

4

ரெமிஜியஸை எனக்குப் பிடித்துவிட்டது. எரிச்சலோடு பிடித்தது, ஆனால் பிடித்தது. உலகமே கறை என்று சொல்லும் பல்லை ஒருவன் படம் எடுத்து மாட்ட நினைக்கிறான். கதாநாயகன் கிடைத்துவிட்டான், இனி இரண்டு பக்கத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். [முதல் பிரதியில் அவனுக்குச் சுருள்முடிகூடக் கொடுத்திருந்தேன்.]

அப்போது டோரதி பேசினாள். நான் மனதில் எழுதிவைத்திருந்ததெல்லாம் அதோடு போயிற்று.

"சின்னதே வாங்குங்க. மிச்சத்துல பல்லுக்கு கேப் போட்டுக்கறேன்னு வூட்லயே பேசிகினுதான வந்தோம்."

"உன் பல்லுக்கு இன்னா கொற?"

"தங்கச்சி கல்யாணத்துல நான் மட்டும் கர்ச்சீப் வெச்சிகினு நிக்கணுமா?"

"யாரு நிக்க சொன்னா? ஒரே ஒரு போட்டோ எடுத்துடறேன். நீ சிரிக்கிறத நீ பாத்ததே இல்ல டோரதி. பாத்தீனா கேப்பு கீப்புலாம் வேணான்னு நீயே சொல்லிடுவ."

"எனக்கு கைய எடுத்துட்டு சிரிக்கணும். உங்களுக்கு போட்டோ வேணும்."

இரண்டு கேமராவுக்கும் நடுவே இருந்த விலை வித்தியாசம் அவளுடைய முன்பற்கள். பெரிய கேமரா வாங்கினால் இந்த வருஷம் கறையை மறைக்கும் கேப் கிடையாது. அவன் எடுக்க நினைக்கிற சிரிப்பும், அவள் மாற்ற நினைக்கிற சிரிப்பும் ஒன்றுதான். இது தெரிந்த பிறகு கதாநாயகனை என்ன செய்வது? அவன் கெட்டவன் இல்லை. அவனைக் கெட்டவனாக்கி ஒரு பிரதி எழுதினேன். குடிப்பதாகக்கூடச் சேர்த்தேன். பொய்யாக இருந்தது. அவன் அவளை உண்மையாகவே அழகி என்று நம்பினான், அதைச் சொல்லும்போது குரல் இறங்கியது. அதுதான் இதில் பெரிய தொந்தரவு. பிடிக்காமல் பேசுகிறவனிடம் வாதாடி ஜெயித்துவிடலாம். இவனிடம் அவள் என்ன சொல்லி ஜெயிப்பாள்?

டோரதியும் எனக்கு ஒத்துழைக்கவில்லை. "டோரதி சிரித்தாள்" என்று எழுதினால் அடுத்த வாக்கியத்தில் கை வந்து நிற்கிறது. கையை அடித்துவிட்டு எழுதினேன். கைக்குட்டை வந்தது. கைக்குட்டையை அடித்தேன். தலையைக் குனிந்துகொண்டாள். என் சொந்தக் கதையில், என் சொந்தப் பேனாவில், ஒரு பெண்ணைச் சிரிக்கவைக்க முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று.

5

கடையில் சிரித்தாள். காரணம் நான்தான்.

ரெமிஜியஸ் மறுபடியும் சின்ன கேமராவைக் காட்டி, மறுபடியும் "இது அழுத்தின உடனே—" என்று ஆரம்பித்தான். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"சார், நீங்க முடிவு பண்றதுக்குள்ள அவங்க தங்கச்சிக்குக் கொழந்தையே பொறந்துடும்" என்றேன்.

அந்த நேரம் டோரதியின் இரண்டு கைகளும் நிறைந்திருந்தன. ஒன்றில் கைப்பை. மற்றதில் சின்ன கேமரா, எடை பாருங்கள் மேடம் என்று சொல்லி ரெமிஜியஸிடமிருந்து கிருஷ்ணப்பா அப்போதுதான் வாங்கிக் கொடுத்திருந்தார். கைக்குட்டை தோளில் கிடந்தது. கிருஷ்ணப்பாவோ பெரிய கேமராவைக் கண்ணில் வைத்து, அவர்கள் பக்கம் திருப்பி, வ்யூஃபைண்டர் வழியாக எப்படிப் பார்ப்பது என்று ரெமிஜியஸுக்குச் செய்துகாட்டிக்கொண்டிருந்தார்.

டோரதி கணவனைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். கிருஷ்ணப்பாவின் விரல் அழுத்தியது. கேமராவுக்குள் இருக்கும் சின்னக் கண்ணாடி எழும்பி விழும் சத்தம் கேட்டது.

அழுத்தின உடனே எடுத்தது.

6

கேமராவின் பின்பக்கத் திரையில் படம் வந்தது. ரெமிஜியஸ் பார்த்தான். பிறகு, "இந்தா, பாரு" என்று அவள் பக்கம் திருப்பினான். "பாத்தியா, எவ்ளோ அழகா கீற."

டோரதி பார்த்தாள். அவசரமாகத் திரும்பிவிடவில்லை, நன்றாகவே பார்த்தாள். என் தலையும் நீண்டது.

"அழிச்சிடுங்கண்ணா" என்றாள்.

கிருஷ்ணப்பா ரெமிஜியஸைப் பார்த்தார். "ரொம்ப சென்னாகி, நல்லா வந்திருக்கு சார். கார்டு கடையோடது. இருக்கட்டும், இந்த மாடல் எஷ்டு ஃபாஸ்ட்டுன்னு கஸ்டமருக்கு காட்டலாம். மேடம் தப்பா எடுத்துக்க வேணாம்."

எனக்குக் கோபம் வந்தது. அழிக்கச் சொன்னவள் எதிரில் நிற்கிறாள், இந்த மனுஷன் பக்கத்தில் நிற்பவனிடம் அனுமதி கேட்கிறார். அவள் முகத்தை வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் காட்டி வியாபாரம் செய்ய இவர் யார்? இதே கோபத்தோடு வீட்டுக்கு வந்து, உட்கார்ந்து, அந்தப் படத்தில் இருந்த சிரிப்பை விவரித்து ஒரு பத்தி எழுதினேன்.

நன்றாக வந்தது. உண்மையைச் சொன்னால் அந்த வருஷம் நான் எழுதியதில் அதுதான் சிறந்தது. கறையையும் மறைக்கவில்லை, அழகையும் கூட்டவில்லை. நான்கு முறை திருத்தினேன். பத்திரிகையில் வந்தால் எல்லாரும் அந்தப் பத்தியைத்தான் சொல்வார்கள் என்று நினைத்து, டீ போட்டுக் குடித்தேன். டீ பாதியில் இருக்கும்போதுதான் கிருஷ்ணப்பா சொன்னதும் நான் செய்வதும் ஒன்று என்று உறைத்தது. மீதி டீயைக் கொட்டிவிட்டேன்.

7

முடிவுகள். வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லத்தான் ஆசை, ஆனால் ஒன்றும் தேறவில்லை.

(அ) ரெமிஜியஸ் படத்தை அழித்துவிட்டுச் சின்ன கேமராவை வாங்குகிறான். தங்கை கல்யாணத்தில் டோரதி வெள்ளைப் பல்லோடு நடுவில் நின்று சிரிக்கிறாள். நல்ல முடிவு, பத்திரிகைக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு போடுவார்கள். ஆனால் அந்தக் குரூப் போட்டோவை ரெமிஜியஸ்தானே எடுப்பான்? அவளை அந்தச் சின்னத் திரையில் பார்க்கும்போது அவன் முகம் எப்படி இருக்கும் என்று எழுத வேண்டிவரும். எழுதினால் முடிவு கெட்டுவிடும்.

(ஆ) படத்தைப் பார்த்து டோரதி மனம் மாறுகிறாள், கேப் வேண்டாம் என்கிறாள், பெரிய கேமராவோடு ஆட்டோ ஏறுகிறார்கள். இந்த முடிவை ரெமிஜியஸ் கடைக்கு வருவதற்கு முன்பே எழுதி எடுத்து வந்துவிட்டான். அவனுக்கு நான் எதற்குக் கூலியில்லா எழுத்தாளனாக இருக்க வேண்டும்?

(இ) படம் கடையின் கார்டிலேயே இருக்கிறது. அடுத்த கஸ்டமர் வருகிறார். கிருஷ்ணப்பா—

இல்லை. இதை எழுதமாட்டேன்.

8

இனி நான் கண்ணால் பார்த்தது மட்டும்.

கிருஷ்ணப்பா சங்கடத்திலிருந்து தப்பிக்க, கேமராவைத் தூக்கி ரெமிஜியஸ் கையில் கொடுத்துவிட்டார். "நீங்களே பாருங்க சார். இந்தக் குப்பைத்தொட்டி பட்டன அழுத்தினா, அழிக்கலாமான்னு ஒரு தபா கேக்கும். மறுபடி அழுத்தினா போயிடும்."

ரெமிஜியஸ் கட்டைவிரலைப் பட்டனுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றான். அழுத்தவில்லை.

டோரதி சின்ன கேமராவைக் கவுன்டரில் வைத்தாள். கைப்பையையும் வைத்தாள். வலது கையை அவன் முன் நீட்டினாள். கைக்குட்டை தோளில்தான் கிடந்தது, அதை அவள் எடுக்கவில்லை.

"குடுங்க. நான் அழிக்கிறேன்" என்றாள். கடையில் இருந்த எல்லாருக்கும் பல் தெரிந்தது. அவள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

ரெமிஜியஸ் அவளைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "ஒரே ஒரு தபா பாத்துட்டு குடுத்துடறேன்" என்றான்.

அவனைத் திட்டி எழுத எனக்குக் கை வரவில்லை. அடுத்து என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும், நான் அங்கேதான் நின்றேன். அதைச் சொல்வதாக இல்லை. நீங்கள் அதைக்கூடப் பெரிதாகக் கேட்கப்போவதில்லை என்றும் தெரியும். உங்களுக்கு வேண்டியது அந்தப் பத்தி. சிரிப்பு எப்படித்தான் இருந்தது, ஒருமுறை படித்துவிட்டுப் போகிறோம், யாரிடமும் சொல்லமாட்டோம், அவளுக்குத் தெரியவா போகிறது என்பீர்கள்.

பத்தி என் மேசையில்தான் இருக்கிறது, ஒரே ஒரு தாள். இந்தக் கதையை எத்தனை முறை எழுதினாலும் டோரதி நீட்டிய கையை மடக்க மறுக்கிறாள். தாளை உங்களிடம் தரவா, அவளிடம் தரவா?