கமலாதேவியின் பெயரில் ஒரு பாய்

கடற்படை மீன்பிடியைத் தடைசெய்து நான்கு மாதமாகியிருந்தது. உப்புவெளிக் கரையில் தம்பிராசாவின் வள்ளம் கவிழ்த்துவைத்தபடி கிடந்தது. அவருடைய மனைவி கமலாதேவி ஒரு விடுதிக் குசினியில் வேலைசெய்து வீட்டைப் பார்த்தாள்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு, யுத்த காலம் அது. சனசமூக நிலையத்தில் ஒரு நிவாரண அமைப்பு பெண்களுக்குப் பாய் பின்னும் பயிற்சி தொடங்கியது. குளத்தோரம் வளரும் பன்புல்லைக் காயவைத்து, சாயமேற்றிப் பின்னும் பாய். வீட்டுக்கு ஒருவர் வந்தால் அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள். கமலாதேவி தன் பெயரைப் பதிந்துவிட்டாள்; ஆனால் வேலையை விட்டுப் போக ஏலவில்லை. அதனால் தம்பிராசா போனார்.

அங்கே இருபத்திரண்டு பெண்கள் இருந்தார்கள். ஆம்பிளை இவர் ஒருவர்தான். கற்றுக்கொடுத்தவள் கிண்ணியாவைச் சேர்ந்த ஸல்ஹா; இவரைவிடப் பதினைந்து வயதாவது இளையவள்.

"நான் பழக வரேல்லைத் தங்கச்சி. பாத்துக்கொண்டு போய் மனுசிக்குச் சொல்லிக் குடுப்பன்," என்று முதல் நாளே எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

கதவோரக் கதிரையில் இருந்து பார்த்தார். வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டுப் பின்னினார். இருபது வருடம் வலைக் கிழிசல் பொத்திய விரல்கள் இரண்டு நாளில் அதைப் பிடித்துக்கொண்டன. நிறம் மாற்றிப் பின்னும்போது நேரம் போவதே தெரியவில்லை. இந்த வேலை தனக்குப் பிடித்திருக்கிறதே என்பதுதான் அவரை இன்னும் கூசச்செய்தது. வெளியில் காலடி கேட்டால் பாயைக் கட்டிலுக்குக் கீழே தள்ளுவார்.

"ஆரும் கேட்டா நீ பின்னினதெண்டு சொல்லு."

"எனக்கு ஒரு இழை போடத் தெரியாதேயப்பா."

"உன்னை ஆர் பின்னிக் காட்டச் சொல்லப்போயினம்?"

ஆறாவது கிழமை கண்காட்சி. தம்பிராசா பின்னிக் கமலாதேவியின் பெயரில் கொடுத்திருந்த, சிவப்பும் கறுப்புமாய்க் கட்டம் போட்ட பாய்க்குத்தான் முதற்பரிசு, ஒரு சைக்கிள். கமலாதேவி அரைநாள் லீவு எடுத்து, நல்ல சேலை உடுத்து வந்திருந்தாள். பட்டியலோடு நின்ற அதிகாரி அம்மா சிரித்தபடி கேட்டார்:

"இந்தக் கரையை எப்பிடி மடிச்சனீங்கள் எண்டு ஒருக்காக் காட்டுங்கோ."

கமலாதேவி கதவுப் பக்கம் பார்த்தாள். அங்கே தம்பிராசா தன்னோடு கடலுக்குப் போய்வந்த யோகலிங்கத்துக்குப் பக்கத்தில் நின்றார். அவர் தலை குனிந்துகொண்டார்.

அவள் நிலத்தில் அமர்ந்தாள். புல்லை எடுத்தாள். குறுக்கே வைத்தாள், பிரித்தாள், மறுபடி வைத்தாள். ஒரு புல் முறிந்தது. யாரோ சிரித்தார்கள்.

"வேற ஆரோ பின்னினதைக் களவாய்க் கொண்டந்து வைச்சிருக்கிறா," என்றது ஒரு குரல்.

ஸல்ஹா தம்பிராசாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு உண்மையைச் சொல்ல வாய் வந்தது. யோகலிங்கத்தின் தோள் தன்மேல் முட்டுவதை உணர்ந்ததும் அடங்கிப்போனது. அதிகாரி பேனாவை எடுத்துக் கமலாதேவியின் பெயரை வெட்டினார். அவள் எழுந்து, முகத்தை மூடாமல், நேரே நடந்து தம்பிராசாவைக் கடந்து வெளியே போனாள்.

அதற்குப் பிறகுதான் அவர் சொன்னார்: "அது நான் பின்னினது."

அவர் போய் அமர்ந்து கரையை மடித்துக் காட்டினார். யோகலிங்கம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்பு அவர் இவ்வளவு நாள் பயந்த அளவுக்கு இல்லை. பதியாத ஆள் என்பதால் சைக்கிள் வேறொருத்திக்குப் போனது.

"எனக்கு முதலே தெரியும் அண்ணன்," என்றாள் ஸல்ஹா.

"பிறகேன் சொல்லேல்ல?"

"நீங்க சொல்லுவீங்க எண்டு பாத்துக்கொண்டு நிண்டன்."

வீட்டில் கமலாதேவி சேலையை மாற்றிக்கொண்டு வேலைக்குப் புறப்பட்டிருந்தாள்.

"நீ போனாப்பிறகு நான் சொல்லிப்போட்டன்," என்றார்.

"நான் அதுக்குள்ள இருக்கேக்க உங்களுக்கு வாய் வரேல்லையோ?"

அவள் போய்விட்டாள்.

அடுத்த நாள் காலை முற்றத்தில், றோட்டால் போகிறவர்கள் எல்லோரும் பார்க்க, அவர் புதுப் பாய் தொடங்கினார். கமலாதேவி அதைப் பார்த்தாள்; நிற்காமல் நடந்தாள். அவள் அவரோடு பழையபடி கதைக்க மாரிமழைக் காலம் முடியவேண்டியிருந்தது.