வெட்டப்பட்ட எமிலியா புருசெத்தில் இறங்கியது

சென்ற மார்ச்சில், பனி சேறாகிக் கிடந்த ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், ஸ்லோவாக்கிய நாவலொன்றின் மூன்றாம் அத்தியாயத்துக்கும் நான்காம் அத்தியாயத்துக்கும் நடுவிலிருந்து எமிலியா என்ற பெண் இறங்கி, நோர்வேயின் புருசெத்தில் சூசைரட்ணத்தின் குசினிக் கதிரையில் உட்கார்ந்தாள். ஐம்பது வருஷத்துக்கு முன்பு, கூட்டுப்பண்ணைத் தலைவரின் பேச்சைக் கேட்டு, மாடுகள் பால் சுரக்க மறக்கும் அளவுக்குச் சிரித்தாள் என்பதற்காகத் தணிக்கைக்காரன் அவளை நாவலிலிருந்து வெட்டியிருந்தான். புத்தகம் நோர்வேஜிய மொழிபெயர்ப்புத்தான்; ஆனால் ஓய்வுபெற்ற சூசைரட்ணம் எதையும் மனசுக்குள் மன்னார்த் தமிழிலேயே வாசிக்கிறவர் என்பதால் அவளுக்கும் அதுவே வாயில் வந்தது.

"அண்ணை, என்னைப் பற்றி ஏதும் எழுதினீங்களோ?"

"பிள்ளை, நீர் இல்லாத இடத்தைப் பற்றித்தான் எழுதினனான். நல்லா வந்திருக்கு."

நல்லாவா, பிரமாதமாக வந்திருந்தது. அத்தியாயங்களுக்கு நடுவிலிருந்த அந்த இடைவெளியை மௌனத்தின் சிகரம் என்று பக்கம் பக்கமாக மெச்சியிருந்தார். மறுநாள் நூலக விமர்சனக் கூட்டத்தில் அதை வாசித்தால், வாழ்நாளில் முதல் தடவையாக அவருக்குக் கைதட்டு விழும். ஆசையோடு முதல் பக்கத்தை அவளுக்கு வாசித்துக் காட்ட, எமிலியாவின் இடது காது மறைந்தது. தேத்தண்ணி கொண்டுவந்த மனைவி அனஸ்ரேசியா, இன்னொரு பக்கம் வாசித்தால் கோப்பை பிடிக்கக் கையும் இராது என்று சொல்லிவிட்டுப் போனார்.

கூட்டத்துக்குத் தலைமை கிருஷ்ணசாமி. தஞ்சாவூர்க்காரர், கம்ப்யூட்டர் ஆராய்ச்சி. நாவலைப் படிக்காமல் கட்டுரையை மட்டும் படித்திருந்தார். "சார் அந்த மௌனத்தை என்னமா புடிச்சிருக்கார்" என்று தொடங்கியதுமே முன்வரிசையில் உட்கார்ந்திருந்த எமிலியாவின் முழங்கை போயிற்று. சபை தலையாட்ட, தோளும் போயிற்று. சூசைரட்ணம் எழுந்தார். கட்டுரையைப் பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல் ஒருமுறை பார்த்து, மடித்துக் கால்சட்டைப் பைக்குள் திணித்தார்.

"அது மௌனம் இல்லை. கத்தரிக்கோல். அந்த இடத்திலை ஒரு மனிசி சிரிச்சுக்கொண்டு நிண்டவ."

காது, முழங்கை, தோள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து ஒட்டின. எமிலியா ஐம்பது வருஷமாக அடக்கிவைத்திருந்ததைச் சிரித்துத் தீர்த்தாள். புருசெத் மாடிக்கட்டடங்களின் பனியெல்லாம் ஒரே சரிவாய் விழுந்தது. லோறென்ஸ்கூக் போன பஸ், பயணிகள் சிரித்து முடியும்வரை ஓரமாக நின்றது. கைதட்டு விழவில்லை, எல்லாரும் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்திருந்தார்கள், சூசைரட்ணமும்தான்.

இப்போது எமிலியா அருகிலுள்ள ரொம்மனில் குடியிருக்கிறாள். கூட்டங்களுக்கு ஒழுங்காக வருவாள். யாராவது ஒரு நாவலின் இடைவெளியைப் புகழ வாயெடுத்தால், அங்கே முன்பு யார் இருந்தார் என்று அவள் விசாரித்த பிறகுதான் பேச்சுத் தொடரும். அதனால் கூட்டம் முடிய அரைமணி நேரம் பிந்துகிறது, அவ்வளவுதான்.