ஊற்று சுத்தமாகிவிட்டது

என் வயிற்றைப் படம் பிடித்து விளம்பரத் தாளில் போட்டார்கள். அப்போது எனக்கு ஏழாம் மாதம். மஞ்சள் கவுன் போட்டுக்கொண்டு, மூங்கில் அகப்பையிலிருந்து தண்ணீர் குடிக்கிறேன். மேலே பெரிய எழுத்தில் 'நம் ஊற்று சுத்தமாகிவிட்டது' என்று இருந்தது. அந்தத் தாள் எங்கள் குடியிருப்பில் வீடு வீடாகப் போனது. கர்ப்பிணியே குடிக்கிறாள், நமக்கென்ன என்று மற்றவர்களும் கேனைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள்.

படம் எடுக்கச் சொன்னவர் செய்ஜுன் மாமா. எங்கள் குடியிருப்பின் தலைவர். அப்பா இறந்த பிறகு என் பள்ளிக்கூடம், கல்யாணம் எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றவர். அவர் கிணற்றில் குதி என்றாலும் "எந்தப் பக்கமா மாமா?" என்றுதான் கேட்டிருப்பேன். அப்படி ஒரு மடத்தனம் எனக்கு.

ஒகினாவாவில் எங்கள் தெருக்கள் அமெரிக்கப் படைத்தளத்தின் வேலியை ஒட்டியே போகும். வேலிக்கு அந்தப் பக்கம் விமானத் தீயை அணைக்கும் நுரையைப் பல வருஷம் அடித்துப் பழகினார்கள். காற்று திரும்பினால் அது எங்கள் துணிக்கொடியில் வந்து உட்காரும். அதிலிருந்த நஞ்சு மண்ணுக்குள் இறங்கி ஊற்றுக்கு வந்துவிட்டது. 'குடிக்காதீர்' என்று பலகை வைத்தார்கள். அன்றைக்குப் படைத்தள வாசல்காவலர்கள் முன்னால் மழையில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தியவர் இதே மாமாதான்.

பிறகு சுத்தம் செய்யும் வேலை வந்தது. ஊற்றைச் சுற்றி மண்ணைத் தோண்டி லாரி லாரியாக எடுத்துப் போனார்கள். தண்ணீரை வடிகட்டப் பெரிய கரித்தொட்டிகள் வைத்தார்கள். முதல் சோதனை நன்றாக வந்தது என்றார் மாமா. மறுநாளிலிருந்து தினமும் காலையில் ஒரு கேன் தண்ணீர் என் வீட்டு வாசலில் இருக்கும். அவரே சுமந்துவந்து வைப்பார். "நம்ம ஊத்துத் தண்ணிம்மா. பிள்ளைக்கு எலும்பு கெட்டிப்படும்" என்பார். நானும் தேநீருக்கும் சோற்றுக்கும் அதையே ஊற்றினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஊற்றை முறைப்படி திறந்தார்கள். எங்கள் ஊரில் ஊற்று நீரை நடுவிரலால் தொட்டு, குழந்தையின் நெற்றியில் மூன்று முறை தடவ வேண்டும். அது பட்டால்தான் பிள்ளை ஊர்ப் பிள்ளை. ஊற்றை மூடியதிலிருந்து பிறந்தவர்களுக்கெல்லாம் அன்றைக்குத்தான் அந்தச் சடங்கு. என் மிஹருவுக்கு மூன்று மாதம். மாமாவின் பேரன் ஹயாதோ அவளுக்கு ஒரு மாதம் மூத்தவன்.

மிஹரு சிணுங்கினாள். பால் கொடுக்கலாமென்று ஊர்க்கூடத்தின் பின்பக்கம் போனேன். அங்கே மாமாவின் மருமகள் அயனே, கடையில் வாங்கிய பாட்டிலிலிருந்து ஹயாதோவின் சடங்குக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒசாகாவிலிருந்து வந்த பெண், சூதுவாது தெரியாதவள்.

"என்னடி இது? ஊத்து அந்தப் பக்கம் இருக்கு."

"மாமாதான் சொன்னாருக்கா, கிண்ணத்துல இருந்தா யாருக்குத் தெரியும்னு. எங்க வீட்ல சோறுகூட பாட்டில் தண்ணியிலதான். எனக்கு எட்டாம் மாசத்திலேர்ந்தே ஊத்துத் தண்ணி ஒரு சொட்டு உள்ள போகக்கூடாதுன்னுட்டாரு." என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குக் குரல் இறங்கியது. "உங்ககிட்டயும் சொல்லியிருப்பாரே அக்கா?"

பால் கொடுக்கவில்லை. குழந்தையை அப்படியே தூக்கிக்கொண்டு ஊற்றடிக்குப் போனேன். மாமா பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு, ஊற்றைச் சுத்தம் செய்த அதிகாரிகளோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, உங்க வீட்ல எதுக்கு பாட்டில் தண்ணி?"

சிரிப்பு நின்றது. என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "கத்தாத சிஹோ. ஆளுங்க இருக்காங்க."

"எதுக்கு?"

"தொட்டியில கரி இப்ப வடிகட்டறதில்லம்மா. சீக்கிரமே தீர்ந்துபோச்சு. புதுசு போடறோம், அதுவரைக்கும் வாயத் திறக்காதீங்கன்னு அதிகாரிங்க சொன்னாங்க. வேலிக்குள்ள இருக்கற நம்ம நிலம் திரும்பி வரணும்னா ஊத்து சுத்தம்னு ஆகணும். நாப்பது வருஷமா அதுக்குத்தானே நிக்கறேன்? உங்கப்பன் நிலமும்தான் உள்ள இருக்கு."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"உன் படம் வந்த மறுவாரம்."

"அதுக்கப்புறமும் தினம் கேன் கொண்டுவந்து வெச்சீங்களே!"

அவர் ஊற்றைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. "நிறுத்தியிருந்தா ஏன்னு கேட்டிருப்பியே."

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். மாமா என் பிள்ளைக்கு எதை ஊட்டியிருக்கிறார் பாருங்கள். வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவன் அந்நியன். அவன் மேல் எனக்குக் கோபம்தான் வரும். இவர் என்னைத் தூக்கி வளர்த்தவர்.

அகப்பையை எடுத்து ஊற்றில் முக்கினேன். "எல்லாரும் பாருங்க! தலைவர் குடிக்கட்டும்!" என்று கத்தினேன். மைக்கில் பேசிக்கொண்டிருந்த அதிகாரி நிறுத்திவிட்டார்.

மாமா வாங்கி மடமடவென்று குடித்தார். ஒரு சொட்டு மிச்சமில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு, "போதுமா? உங்க அப்பன் இருந்தா இப்படி அவமானப்படுத்துவியா?" என்றார். கூட்டத்தில் இரண்டு பேர் கைகூடத் தட்டினார்கள். எழுபது வயசுக்காரருக்கு அந்தத் தண்ணீர் என்ன செய்துவிடும்? அது அவருக்கும் தெரியும்.

விரலை நனைத்துக்கொண்டு அவர் தோளிலிருந்த ஹயாதோவின் பக்கம் நீட்டினேன். "குடிக்க வேணாம். சும்மா நெத்தியில. உங்க பேரன் ஊர்ப் பிள்ளையாகட்டும்."

மாமா சட்டென்று ஒரு அடி பின்வாங்கினார். உள்ளங்கையால் குழந்தையின் நெற்றியை மூடிக்கொண்டார்.

ஊற்று நீரைத் தடவி முடித்து நின்ற பெண் ஒருத்தி கைக்குட்டையை எடுத்துத் தன் மகன் நெற்றியைத் தேய்க்க ஆரம்பித்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. மாமா கையை எடுக்கவேயில்லை. "சிஹோ... அம்மா..." என்றார். நான் திரும்பி நடந்தேன்.

பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். மிஹரு பசி தாங்காமல் வீரிட்டாள். அவள் குரல் கேட்டதுமே மார்பு கட்டிக்கொண்டு, பால் சுரந்து சட்டையை நனைத்தது. எத்தனை மாதம் அந்தத் தண்ணீரைக் குடித்திருக்கிறேன். பொத்தானில் வைத்த கை அங்கேயே நின்றது. அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்து இழுத்து அழுதாள்.