எதெல்கா யார் பெயரைச் சொன்னாள்?

1

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு அண்டாவிலிருந்து வந்தது. போன அறுவடைத் திருவிழாவில் எங்கள் நாத்கேர் ஊர்த் தீயணைப்புப் படைக்காரர்கள் அதில்தான் மாட்டிறைச்சிக் குழம்பு வைத்தார்கள். நான் இரண்டாவது தட்டு வாங்கும்போது பக்கத்தில் நின்ற கிழவர், "நல்லா சாப்பிடுங்க. இது தாய்மண் கட்சி அண்டா. எங்கப்பா இதுல தின்னுட்டுத்தான் ஓட்டுப் போட்டாரு" என்றார். தட்டைக் கீழே வைக்கப் பார்த்தேன். ஆனாலும் தட்டைக் காலி செய்தேன். குழம்பு அப்படி.

(கட்சிப் பெயரும் ஊர்ப் பெயரும் நான் வைத்தவை. அண்டாவை நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "முதல் உலகப் பெரும்போரில் தோற்ற ஹங்கேரி மூன்றில் இரண்டு பங்கு மண்ணை இழந்தபோது, நிலப்பிரபுக்கள் சிலர் ஒன்றுகூடி..."

சே! பாடப்புத்தகம். அடித்தாயிற்று.

சுருக்கமாகச் சொல்கிறேன். போன மண்ணை மீட்போம் என்றது கட்சி. கடவுள், தாய்நாடு, குடும்பம் என்றது. இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே மூன்று தடவை பெயரை மாற்றிக்கொண்டது. நாற்காலிகளில் மட்டும் அதே ஆட்கள். எங்கள் தொகுதியில் ஒருமுறைகூடத் தோற்கவில்லை. எப்படித் தோற்கும்? பட்டணத்தில் ரகசிய ஓட்டு. கிராமத்திலோ மேசை முன்னால் நின்று வேட்பாளர் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பண்ணைக் கணக்கர் கேட்டுக்கொண்டு நிற்பார். சேவல் இறகுத் தொப்பி போட்ட போலீஸ்காரர் வாசலில் நிற்பார். அதற்கும் முன்னால் கட்சி முற்றத்தில் சாப்பாடு. அண்டாவில் தின்றவன் அந்தப் பெயரைத்தான் சொல்ல வேண்டும். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பதெல்லாம் மற்றவர்களுக்குப் பழமொழி, எங்களுக்குத் தேர்தல் சட்டம்.

3

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருஷத்து வசந்தம், தேர்தல் நாள். கெதெயோன் அண்டாவைக் கிளறிக்கொண்டிருக்கிறான். ஊரில் கட்சிக்கு ஆள் சேர்ப்பவன் அவன்தான். "அவன் கண்களில் நரியின்..." என்று எழுதத் தொடங்கி நிறுத்தினேன். பாவம், அவன் அப்பாவின் கல்லறை புது எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. கட்சி அதைத் திருப்பிக் கொண்டுவரும் என்று மனதார நம்பினான். அயோக்கியனாக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம்.

பெஞ்சில் அவன் அக்கா எதெல்கா. விதவை. ஓட்டு உண்டு. அவளுடைய ஒரே மகன் லோரான்ட், நிலப்பிரபு ஹாலாசியின் களஞ்சியச் சுவரில் எதிர்வேட்பாளர் தோமொரின் பெயரைச் சுண்ணாம்பால் எழுதினான். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து போலீஸ் காவலில் இருக்கிறான். ஹாலாசிதான் கட்சி வேட்பாளர்.

அவள் மடியில் நிறைந்த தட்டு. முற்றமே அதைப் பார்க்கிறது.

"சாப்புடுக்கா, ஆறிடும்."

"பசிக்கலடா."

"உனக்குப் பசிக்குதான்னு யாரு கேட்டா? நாலு பேரு பாக்கட்டும். ஹாலாசின்னு ஒரு வார்த்த சொல்லு, மத்தியானத்துக்குள்ள பையன் வீட்ல இருப்பான். ஐயாவே வாக்குக் குடுத்துட்டாரு."

"சொல்லலைன்னா?"

கெதெயோன் கரண்டியைப் பார்த்தான். "கோட்டைச் சிறைக்கு அனுப்பிடுவாங்க. ஏற்கெனவே ரத்தமா துப்புறானாம்."

"காலைல ரொட்டி கொண்டுபோனேன். ஜன்னல் வழியா என்ன சொன்னான் தெரியுமா? 'அம்மா, என்னைக் காட்டி அவங்கள உன் வாயத் திறக்க விட்டுடாத. எனக்காக அந்தப் பேரச் சொன்னேன்னா, வெளிய வந்தாலும் உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்'னு."

"சின்னப் பய, கோவத்துல பேசுறான். அப்பாவ நெனைச்சுப் பாருக்கா. அவரு மண்ணு..."

"அப்பா அந்தப் பக்கம் செத்துக் கெடக்காரு. என் புள்ள இந்தப் பக்கம் உசுரோட இருக்கான்டா!"

கெதெயோன் குனிந்து அண்டாவைக் கிளறினான். வெங்காயம் நறுக்கி வெகுநேரமாயிருந்தும் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

4

முதல் முடிவு: சாப்பிட்டாள், ஹாலாசி என்றாள். மகன் வெளியே வந்தான், அம்மாவின் வீட்டைத் தாண்டி நடந்து...

இரண்டாவது முடிவு: தோமொர் என்றாள். வண்டியில் ஏற்றினார்கள், திரும்பி வந்தது அவனுடைய...

(இதை எழுதிவிட்டு வெளியே போய் ஆற்றங்கரையில் நின்றேன். என்னால் முடியவில்லை, ஐயா. இரண்டிலும் நான் அவளைக் கொல்கிறேன்.)

மகனே ஒரு கண் சிமிட்டி, "சொல்லும்மா, பரவால்ல" என்று விடுவதாக மூன்றாவது முடிவும் எழுதிப் பார்த்தேன். பொய். அவன் அப்படிப்பட்ட பையன் இல்லை.

5

ஆகவே இதுவரைதான் எனக்குத் தெரியும்: எதெல்கா எழுந்தாள். தட்டைத் தம்பி கையில் கொடுத்தாள்.

"புடி. சொல்லிட்டு வந்து சாப்புடறதா வேணாமான்னு பாக்கறேன்."

"அக்கா, சாப்புட்டுட்டுப் போறதுதான் வழக்கம்..."

"இன்னிக்கு மட்டும் மாத்திக்கடா."

பள்ளிக்கூடத்து மேசை. சுவரில் பழைய பெரிய நாட்டின் வரைபடம். பின்னால் வரிசை, வரிசையில் அவள் அண்டை வீட்டார். கணக்கர் காதைத் தீட்டிக்கொண்டார். "யாருக்கும்மா?" என்றார் மேசையில் இருந்த தேர்தல் குழுத் தலைவர்.

வாசகரே, இவ்வளவு நேரம் மனதுக்குள்ளேயே படித்துக்கொண்டு வந்தீர்கள். அது ரகசிய ஓட்டு. எதெல்காவுக்கு அது கிடைக்கவில்லை, உங்களுக்கும் நான் தரப்போவதில்லை. ஹாலாசியா, தோமொரா? வாய்விட்டுச் சொல்லுங்கள்.

சொல்வதற்கு முன்னால் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தீர்கள், இல்லையா? அவளும் பார்த்தாள். தலைவர் இரண்டாம் தடவை கேட்கிறார். வரிசை காத்திருக்கிறது. சத்தமாகச் சொல்லுங்கள்.