மணல்மூட்டைச் சுவர்

எங்கள் மலையடி ஊரான ஆல்தோமிராவில் போலீஸ் நிலையமும் என் ரொட்டிக்கடையும் ஒரே தெருவில் இருக்கின்றன. நடுவில் பதினாறு வருஷமாக ஒரு மணல்மூட்டைச் சுவர் நின்றது. மலையிலிருந்து கொரில்லாப் போராளிகள் சுடுவதைத் தடுக்க, ஆளுயரத்துக்கும் மேலாக அடுக்கியது. சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. சுட்டவர்கள் துப்பாக்கிகளை ஒப்படைத்துவிட்டு மேட்டு முகாமில் மீன் வளர்க்க வந்து மூன்று வருஷமும் ஆகிவிட்டது. சுவர் மட்டும் அசையவில்லை. என் கடைக்கு வருகிறவர்கள் சதுக்கத்தைச் சுற்றிக்கொண்டுதான் வந்தார்கள்.

ஊர்க்குழுவுக்கு நான்தான் தலைவி. சனிக்கிழமைதோறும் பள்ளிக்கூடத்தில் நடக்கும் பாதுகாப்புக் கூட்டத்தில் இதைக் கேட்காமல் விட்டதில்லை. புதிதாக வந்த சார்ஜென்ட் உர்பானோவிடமும் கேட்டேன்.

"அந்தச் சுவரை எப்ப எடுக்கப் போறீங்க?"

"மேலிடத்துலேர்ந்து உத்தரவு வரணும், நெல்சி அக்கா."

"முன்னாடி இருந்தவரும் இதையேதான் சொன்னாரு. அவரு மாத்தலாகிப் போயிட்டாரு, சுவர் போகல."

எல்லோரும் சிரித்தார்கள். உர்பானோ சிரிக்கவில்லை.

"இதே மாதிரி ஒரு ஊர்ல இருந்தேங்க. சுவர் இல்லாத பக்கமா நின்ன என் கூட்டாளி செத்துப் போனான். இப்ப எனக்குக் கீழ ஒன்பது பேர் இருக்காங்க. எடுன்னு நீங்க சொல்லிடுவீங்க. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா அவங்க வீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான்."

முகாமின் சார்பில் கூட்டத்துக்கு வரும் அர்ஹெமிரோ கடைசி பெஞ்சிலிருந்து எழுந்தான். அவன் அங்கே வாயைத் திறப்பதே அபூர்வம்.

"சார்ஜென்ட், நாளைக்குக் காலைல என்கூட மேட்டுக்கு வாங்க. எங்கிருந்து சுட்டோம்னு காட்டறேன்."

சார்ஜென்ட் தலையசைத்தார். நானும் வருவேன் என்றேன். வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் என் கணவர் லிபார்தோவும் கிளம்பிவிட்டார். கொரில்லாக்கள் காஸ் சிலிண்டரில் வெடிமருந்து அடைத்து வீசிய குண்டு எங்கள் தெருமுனையில் வெடித்த அன்று அவருடைய இடது காது கேட்காமல் போயிருந்தது.

மேட்டிலிருந்து பார்த்தால் ஊர் முழுவதும் ஓட்டுக்கூரைதான். நடுவே கறுப்பாக ஒன்று மட்டும் தனியாகத் தெரிந்தது.

"இங்கேர்ந்து எல்லா வீடும் ஒண்ணுபோலத்தான் இருக்கும்," என்றான் அர்ஹெமிரோ. "நிலையம் எதுன்னு எங்களுக்குக் காட்டிக் குடுத்ததே அந்தச் சுவர்தான். அதைத்தான் குறி வெச்சோம். தப்பினதெல்லாம் ரொட்டிக்கடைப் பக்கம் விழுந்துச்சு."

சார்ஜென்ட் கீழே பார்த்துப் பார்த்து நோட்டில் ஏதோ வரைய ஆரம்பித்தார்.

அர்ஹெமிரோ தொப்பியைக் கழற்றினான். லிபார்தோவின் அருகே போய் முணுமுணுத்தான். இவர் திரும்பவில்லை.

"அந்தக் காதுல சொல்லி என்ன பிரயோஜனம்? அதைத்தான் வாங்கிட்டுப் போயிட்டீங்களே. இந்தப் பக்கம் வந்து சொல்லு."

அவன் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்தான்.

"மன்னிச்சிருங்கண்ணே. அந்தச் சிலிண்டரைத் தூக்கிட்டு வந்தவங்கள்ல நானும் ஒருத்தன்."

எனக்குப் பயமாக இருந்தது. ஒரு குதிரை விஷயமாகச் சொந்தத் தம்பியோடு எட்டு வருஷம் பேசாமல் இருக்கிற மனிதர் இவர். ஊரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டுருச்சு," என்றார். அவன் பக்கம் திரும்பி, "உங்க மீன்ல சேத்து வாடை அடிக்குதாமே?"

"யாரோ வேணும்னே கட்டிவிட்டதுண்ணே."

"தின்னு பாத்துத்தான் சொல்லணும்."

அன்றைக்குத்தான் சார்ஜென்ட் சிரித்து முதன்முதலாகப் பார்த்தேன். மதியம் நால்வரும் முகாமில் பொரித்த மீனும் வாழைக்காயும் சாப்பிட்டோம். லிபார்தோ இரண்டாவது மீனையும் முடித்துவிட்டு, வாடை கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது என்றார்.

அந்த வரைபடத்தை வைத்து உர்பானோ மேலிடத்துக்கு எழுதினார். ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது. சுவரை எடுக்கலாம், ஆனால் பொறுப்பு அவருடையது. ஆயுதத்தோடு அந்நியர் யாரையாவது பார்த்தால் உடனே தகவல் சொல்வதாக ஊரும் முகாமும் எழுதிக் கொடுக்க வேண்டும். நானும் அர்ஹெமிரோவும் கையெழுத்துப் போட்டோம். சார்ஜென்ட் பேனாவைப் பிடித்துக்கொண்டு சற்று யோசித்தார். "சரி, பாத்துக்கலாம்," என்று தன் பெயரை எழுதினார்.

பிரிக்க மூன்று நாள் பிடித்தது. மூட்டைகள் இற்றுப்போயிருந்ததால் தூக்கினாலே மணல் காலில் கொட்டியது. போலீஸ்காரர்கள், முகாம் ஆட்கள், கடைக்காரர்கள் எல்லோரும் வரிசையில் நின்று கூடை மாற்றினோம். மணலெல்லாம் பள்ளிக்கூடப் பாதையின் குழிகளுக்குப் போனது. முதல் வாரம் காவலுக்கு நின்றவர்கள் நிலைப்படியை ஒட்டியே நின்றார்கள், பாவம். இரண்டாவது வாரம் தெருவைத் தாண்டி வந்து காப்பி கேட்டார்கள்.

போன சனிக்கிழமைக் கூட்டத்தில் ஒரே ஒரு புகார். முகாமின் மாடு நிலையத்துத் தோட்டத்தில் புகுந்து சோளத்தை மேய்ந்துவிட்டது.

"எழுதிக் கையெழுத்து வாங்கணும்," என்றார் சார்ஜென்ட்.

"மாட்டுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதுங்க," என்றான் அர்ஹெமிரோ.

"அப்ப நீ போடு."

"நான் மேயலையே, சார்ஜென்ட்."

அவர்கள் அதைப் பேசித் தீர்க்கட்டும் என்று நான் எழுந்துவிட்டேன். அடுப்பில் ரொட்டி இருந்தது.