அஞ்சு நிமிஷம்

லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் எங்களைப் போன்ற மெக்கானிக்குகள் போனில் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "அஞ்சு நிமிஷம்." அப்போது நான் பாதி வழியில்தான் இருப்பேன், கோளாறு எது என்றே தெரியாது. இருந்தாலும் இருபது வருஷமாக வாய் கூசாமல் சொல்லி வருகிறேன்.

மனைவியிடமும் அப்படித்தான் சொன்னேன். மூலம், அஞ்சு நிமிஷ வேலை என்று. உண்மையில் மலக்குடலில் கோழிமுட்டை அளவுக்குக் கட்டி. வயிற்றைக் கிழிக்காமல், கீழ்வழியாகவே கேமராவை விட்டு முழுசாக எடுக்கப் பார்ப்பார்களாம். வராவிட்டால் வயிற்றைத் திறந்து, மலம் போக வெளியே ஒரு பை வைப்பார்களாம். அதற்கும் கையெழுத்துப் போட்டாயிற்று. பை வந்தால் அவளுக்கும் தெரிந்துவிடும். அதை மாட்டிக்கொண்டு எந்த லிஃப்ட் குழிக்குள் இறங்குவேன்?

முதுகில் ஊசி போட்டதும் இடுப்புக்குக் கீழே எதுவும் என்னுடையதாக இல்லை. கால்களைத் தூக்கிக் கட்டி, முகத்துக்கு முன்னால் பச்சைத் துணியைத் தொங்கவிட்டார்கள். காது மட்டும் மிச்சம். துணிக்கு அந்தப் பக்கம் பேசிக்கொண்டே வேலை செய்த டாக்டர் சட்டென்று நிறுத்தினார். நினைத்ததைவிடப் பெரிசு என்று யாரிடமோ முணுமுணுத்தார். எழுந்து ஓடவா முடியும்? எவ்வளவு நேரமாகும் என்று கேட்டேன்.

"அஞ்சு நிமிஷம்."

அடப்பாவி, என்னிடமேவா என்று பற்றிக்கொண்டு வந்தது.

"டாக்டர், நான் லிஃப்ட் மெக்கானிக். உள்ள மாட்டிக்கிட்டவங்ககிட்ட நானும் இதைத்தான் சொல்வேன். உண்மையைச் சொல்லுங்க."

டாக்டர் துணிக்கு மேலாக எட்டி என் முகத்தைப் பார்த்தார்.

"ஒரு மணி நேரமாவது ஆகும். முழுசா வருமான்னு இப்ப சொல்ல முடியாது."

பயம் போகவில்லை. ஆனால் மூச்சு ஒழுங்காக வந்தது.

ஒன்றரை மணி நேரம் கழித்து, ஒரே துண்டாக வந்துவிட்டது, பை வேண்டாம் என்றார். பரிசோதனை முடிவு வர ஒரு வாரமாம்.

வார்டில் மனைவி அழுது வீங்கிய முகத்தோடு நின்றாள். அஞ்சு நிமிஷம் என்றீர்களே, இனி ஒன்றும் இல்லையே என்று கேட்டாள். தப்பித்தாயிற்று, தலையை ஆட்டினால் போதும். என்னால் முடியவில்லை.

"மூலம் இல்லம்மா. கட்டி. எடுத்துட்டாங்க. புத்துநோயான்னு தெரிய ஒரு வாரம் ஆகும்."

கத்துவாள் என்று நினைத்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு, மரத்துக் கிடந்த என் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் பிடித்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. காலுக்கு இன்னும் தெரியவில்லை.